பாம்பன் காற்றும் கண்ணாடி கழுவும் யந்திரமும்

மூக்குக் கண்ணாடி அணிந்தவன் இராமேசுவரத் தீவில் குடியிருப்பது, வெள்ளை வேட்டி கட்டியவன் கரிக்கடையில் அமர்ந்து கணக்கெழுதுவதற்கு ஒப்பானது. காலையில் துடைத்து மாட்டிய கண்ணாடி, கடைத்தெரு வரை நடந்து ஒரு காப்பி அருந்தித் திரும்புவதற்குள் மங்கிப்போகிறது. மேல்துண்டின் நுனியால் மறுபடி துடைத்தாலோ, அந்த மங்கல் நீங்குவதற்குப் பதிலாக வில்லை முழுவதும் சீராகப் பரவி, எதிரே வருகிறவர்கள் யாவரும் மார்கழிப் பனிக்குள் நடந்து வருவதுபோல் தோற்றமளிக்கிறார்கள். வடக்கே இருப்பதைப் பெண்கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண்கடல் என்றும் இவ்வூர் மீனவர்கள் சொல்வார்கள். சாந்தமான அந்தக் கடலிலிருந்து வாடை வந்தாலும், சீற்றமுடைய இந்தக் கடலிலிருந்து சோழகம் வந்தாலும், கண்ணாடியில் உப்பு வந்து படிகிற விஷயத்தில் மட்டும் இரண்டுக்கும் யாதொரு பேதமும் கிடையாது. இந்த உபத்திரவத்தைப் பல வருஷங்களாகப் பொறுத்துப் பார்த்த பிறகு, சென்ற ஆனி மாதத்தில், இரண்டாயிரத்துச் சில்லறை ரூபாய் கொடுத்து, ஒலியலையால் கண்ணாடி கழுவுகிற சிறிய யந்திரம் ஒன்றைத் தபாலில் தருவித்தேன். மூன்று மாத காலம் அதனோடு பழகியதில் எனக்கு ஏற்பட்ட அபிப்பிராயத்தையே இங்கே எழுதுகிறேன்.

யந்திரம் ஒரு வெற்றிலைப் பெட்டி அளவினது. மூடியைத் திறந்தால் உள்ளே 600 மில்லி லிட்டர் நீர் கொள்ளும் எவர்சில்வர் தொட்டி. கண்ணாடியை வைக்க ஒரு பிளாஸ்டிக் தட்டு. வெளியே இரண்டு பொத்தான்கள். ஒரு தடவை அழுத்தினால் 180 விநாடி ஓடித் தானாகவே நின்றுவிடுகிறது. விநாடிக்கு 42,000 தடவை அதிர்வதாகப் பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கிறார்கள். மனிதச் செவி 20,000-க்கு மேற்பட்ட அதிர்வைக் கேளாது. ஆகவே நாம் கேட்கிற ரீங்காரம் தொட்டியும் நீரும் கூடச் சேர்ந்து நடுங்குவதால் எழுகிற உபரி ஒலியே தவிர, வேலை செய்கிற ஒலி அன்று. பூனையின் செவியோ 60,000-ஐயும் எட்டக்கூடியது. நான் பொத்தானை அழுத்திய மாத்திரத்தில், மீன் கழுவுகிற இடத்தை எக்காரணம் கொண்டும் விட்டகலாத எங்கள் வீட்டுப் பூனை எழுந்து புழக்கடைப் பக்கம் போய்விட்டதைக் கண்டு, பெட்டியில் அச்சிட்டிருப்பது முற்றிலும் பொய்யாக இராது என்று ஊகித்தேன்.

ஆயினும் பூனையின் சாட்சியத்தை மாத்திரம் நம்பி இரண்டாயிரம் ரூபாய்க்கு நற்சான்று வழங்குவது முறையல்லவே. இதற்குச் சுலபமான பரீட்சை ஒன்று உண்டு. ஓட்டலில் சோற்றுப் பொட்டலம் கட்டுகிற அலுமினியத் தாளில் ஒரு துண்டைக் கத்தரித்து, தொட்டி நீரில் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு யந்திரத்தை ஓட்ட வேண்டும். நல்ல யந்திரமானால் சிறிது நேரத்துக்குள் தாளில் ஊசிக் குத்துகள்போல் புள்ளிகளும் துவாரங்களும் காணும். வெறுமனே நீரை ஆட்டுகிற போலியானால் தாள் போட்டபடியே இருக்கும். என்னுடைய தாள் இரண்டு நிமிஷத்தில் நடுப்பாகத்தில் செல்லரித்த ஏடுபோல் ஆயிற்று. ஓரங்கள் மட்டும் பழுதின்றி இருந்தன. யந்திரம் மெய்யானது என்பதும், கண்ணாடியைத் தொட்டியின் நடுவிலேதான் வைக்க வேண்டும் என்பதும் ஒரே பரீட்சையில் விளங்கின.

தாளைத் துளைத்தது எது என்பது ரசமான சங்கதி. அழுத்தினால் மின்சாரம் உண்டாக்கும் குணம் சில படிகங்களுக்கு உண்டென்று 1880-இல் பிரான்ஸ் தேசத்துக் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தார்கள். அதே படிகத்தில் மின்சாரத்தைச் செலுத்தினால் அது நடுங்கும் என்பது பின்னர் தெளிவாயிற்று. முதல் உலக யுத்தத்தின்போது, கடலுக்கடியில் மறைந்து வரும் பகைவர் கப்பல்களைக் கண்டுபிடிக்க லான்ஜவான் என்பார் இந்த நடுக்கத்தைக் கொண்டு கேளா ஒலியை நீரில் செலுத்திப் பார்த்தார். ஏறக்குறைய அதே சமயத்தில், 1917-இல், இங்கிலாந்தில் ராலே பிரபு வேறொரு கணக்கில் ஈடுபட்டிருந்தார். வேகமாகச் சுழலும் கப்பல் விசிறிகளின் உலோகம் ஏன் சல்லடையாக அரிபடுகிறது? நீரில் தோன்றுகிற நுண்ணிய குமிழிகள், வெறும் காற்றுக் குமிழிகள்போல் மேலே மிதந்து உடையாமல், நாற்புறத்து நீரின் அழுத்தத்தால் உள்நோக்கி நொறுங்குகின்றன. நொறுங்குகிற அந்தக் க்ஷணத்தில் பிறக்கிற அழுத்தம் உலோகத்தையும் பெயர்க்கவல்லது என்று அவர் கணித்துக் காட்டினார். கப்பல்காரர்களுக்கு விரோதியாக இருந்த அந்தக் குமிழியைப் படிகத்தின் நடுக்கத்தால் நீரில் எழுப்பி, பலத்தைக் குறைத்து, என் தொட்டிக்குள் அழுக்கெடுக்க வைத்திருக்கிறார்கள்.

இனி, அழுக்கைப்பற்றி. இவ்வூரார் கண்ணாடியில் கீறல் விழுவதற்கு உப்பே காரணம் என்று சாதிக்கிறார்கள். நானும் வெகுகாலம் அப்படியே நம்பியிருந்தேன். கடினத்தை அளக்கிற மோஸ் அளவுகோலில் வைரம் 10, உப்போ 2.5 தான். பழைய கண்ணாடி வில்லை 5.5 என்கிறபோது, அதை உப்பு கீறுவது சோற்றுப் பருக்கையால் அம்மியைக் கொத்துவது போலாகும். கடற்கரை மணலில் கலந்திருக்கும் படிகக்கல் துகளின் கடினம் 7. திருடன் அவன், பழி சுமப்பவன் உப்பு. ஆனால் உப்பும் நிரபராதியன்று. கல்லுப்பு ஜாடியில் மழைக்காலத்தில் நீர் விட்டுக்கொள்வதைப் பார்க்காத வீடு இல்லை. காற்றில் ஈரம் நூற்றுக்கு 75 பங்கைத் தாண்டினால் சாதாரண உப்பு கசியத் தொடங்கும்; கடல்நீரில் அதனோடு கூடியிருக்கும் மக்னீசியக் குளோரைடுக்கோ நூற்றுக்கு 33 பங்கு ஈரமே போதும். ஆகையால் இந்தக் கரையில் வில்லைமேல் படிந்த உப்பு ஒருபோதும் நன்றாக உலர்வதில்லை. பசைபோல் இருந்து, பறந்து வருகிற மணலை ஒவ்வொன்றாகப் பிடித்து ஒட்டவைத்துக்கொள்கிறது. அதன்மேல் துண்டு நுனியை வைத்து அழுத்தித் துடைக்கிற மனிதன், தன் பணத்தில் வாங்கிய வில்லைக்குத் தன் கையாலேயே உப்புத்தாள் போடுகிறான்.

இக்காலத்து வில்லைகளோ கண்ணாடியே அல்ல. அமெரிக்காவில் 1940-களில் கொலம்பியா என்ற பெயரோடு 39-ஆம் எண்ணிட்டு வந்த பிசின் வகை, எடையில் கண்ணாடிக்கு ஏறக்குறையப் பாதி; மூக்குக்கு அது செய்த உபகாரம் மறக்கத்தக்கதன்று. ஆனால் அது மிகவும் மிருதுவானது. மேலே பூசிய மெல்லிய பூச்சே அதற்குக் கவசம். கவசத்தில் கீறல் விழுந்தால் அதை அகற்ற எந்த யந்திரமும் இல்லை, எந்தப் பசையும் இல்லை. பல் விளக்கும் பசையைத் தேய்த்தால் போய்விடும் என்று யாராவது சொன்னால் அவர் உங்களுக்கு மித்திரர் அல்லர்.

யந்திரத்தை நேரிய முறையில் சோதிக்க எண்ணி, ஒரே காலத்தில் வாங்கிய இரண்டு கண்ணாடிகளோடு ஒருநாள் அரிச்சல்முனைக்குப் போனேன். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியைத் துடைத்தெடுத்துப் போன பின்பு, அந்த முனைக்குப் போகிறவர்கள் மணலில் தள்ளாடிச் செல்லும் வண்டிகளையே நம்பியிருந்தார்கள். 2017-இல் சாலை திறக்கப்பட்டபின் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே போகலாம். ஒன்றை அணிந்துகொண்டும், மற்றொன்றைச் சட்டைப் பையில் வில்லை வெளியே தெரியத் தொங்கவிட்டுக்கொண்டும் இரண்டு மணி நேரம் நின்றேன். திரும்பி வந்து, ஒன்றைக் குழாய் நீரில் நன்றாக அலசி, பாத்திரம் கழுவும் திரவ சோப்பில் ஒரு சொட்டு விரல் நுனியால் தடவி, மீண்டும் அலசி, துவைத்து உலர்ந்த பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடுத்தேன். மற்றொன்றை யந்திரத்துக்குக் கொடுத்தேன். இரண்டையும் விளக்குக்கெதிரே பிடித்து, இன்னது எது என்று சொல்லாமல் என் மனைவியிடம் காட்டினேன்.

"ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்கு? இதுக்கா அவ்வளவு ரூபாய்?" என்றாள்.

வில்லையைப் பொறுத்தவரையில் இத்தீர்ப்புக்கு மேல் அப்பீல் இல்லை. எண்ணெயற்ற சோப்பும் ஓடுகிற நீரும் செய்யாத எதையும் இந்த யந்திரம் வில்லைக்குச் செய்துவிடவில்லை. ஆனால் அவள் பார்த்தது வில்லையை மட்டுமே. நான் பார்த்தது தொட்டியை. யந்திரம் ஓடத் தொடங்கிய அரை நிமிஷத்தில், மூக்கில் அமரும் சிறு திண்டுகளின் இடுக்கிலிருந்தும், காதுக் கம்பி மடங்குகிற கீலிலிருந்தும், வில்லையைச் சட்டம் கவ்வுகிற பள்ளத்திலிருந்தும், சாம்பிராணிப் புகைபோல் ஒரு சாம்பல் நிறம் சுருண்டு சுருண்டு இறங்கிற்று. வியர்வையும், முகத்தெண்ணெயும், விபூதியும், கடல் உப்பும் மாதக்கணக்கில் கூடி உறைந்த சம்பத்து அது. மூக்குத் திண்டைச் சுற்றிப் பச்சையாகப் படிந்திருந்த களிம்பில் பெரும்பகுதியும் கழன்றது. சட்டத்தின் உலோகத்தில் செம்பு கலந்திருப்பதால், வியர்வையும் உப்பும் சேர்ந்து பித்தளைப் பாத்திரத்தில் போலவே இங்கும் களிம்பேற்றுகின்றன. 1914-இல் கட்டிய பாம்பன் இரயில் பாலத்தின் இரும்பை ஓயாமல் வர்ணம் பூசிப் பூசிக் காக்க வேண்டியிருந்ததும், 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் விசேஷமான காப்புப் பூச்சும் தேடிப் பிடித்துப் போட்டதும் இந்த உப்பை உத்தேசித்துத்தான். அந்த வாராவதிக்கு வந்த வியாதியேதான் என் கண்ணாடியின் கீலுக்கும். அவ்விடுக்குகளில் பல்துலக்கும் தூரிகையும் முழுதாக நுழையாது, குமிழி நுழைகிறது. யந்திரத்துக்கு நான் கொடுக்கும் மதிப்பெண் யாவும் இந்த ஒரு வித்தைக்காக.

தொட்டியில் ஊற்றும் நீரைப்பற்றி வழிகாட்டித் தாளில் ஒரு வரியும் இல்லை. முதல் வாரம் எங்கள் கிணற்று நீரையே ஊற்றினேன். கழுவி எடுத்த கண்ணாடி உலர்ந்தபோது வெண்புள்ளிகள் கோலப்பொடி தெளித்தாற்போல் நின்றன. அழுக்குப் போயிற்று, நீரிலிருந்த சுண்ணாம்பு வந்தது. காவிரிக் குடிநீரில் அது குறைந்தது; பெட்ரோல் பங்கில் விற்கும் பேட்டரித் தண்ணீரில் அறவே இல்லை. வெந்நீரை மட்டும் யாரும் முயல வேண்டாம். வில்லையும் அதன் பூச்சும் சூட்டில் ஒரே அளவாக விரிவதில்லையாகையால், பூச்சு வெடித்துச் சிலந்தி வலைபோல் கோடுகள் ஓடும். சித்திரை வெயிலில் ஸ்கூட்டர்ப் பெட்டிக்குள் கண்ணாடியை வைத்து மறக்கிறவர்களுக்கும் இக்கதியே. அப்படிக் கோடு விழுந்த பழைய கண்ணாடி ஒன்று என்னிடம் இருந்தது. அதை யந்திரத்தில் இட்டேன். கோடுகளின் விளிம்பிலிருந்து பூச்சு செதில் செதிலாக உரிந்து, கெட்டுப்போனது முற்றிலும் நாசமாயிற்று. பூச்சு பழுதுபட்ட கண்ணாடியை இதில் இடலாகாது என்ற எச்சரிக்கையைத் தயாரித்தவர்கள் முதற்பக்கத்தில் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்க வேண்டும். தாளில் அது எங்குமே இல்லை.

யந்திரத்தில் நகையும் கழுவலாம் என்று பெட்டியில் படம் போட்டிருக்கிறது. அதைக் கண்டு என் மனைவி தன் முத்துத் தோட்டைக் கழற்றிக்கொண்டு வந்தாள். நல்லவேளையாக நான் தடுத்தேன். முத்தும் பவளமும் கடல்வாழ் உயிர்கள் கட்டிய சுண்ணாம்பு. மெல்லிய ஏடுகளாக அடுக்கியது முத்து. அதைக் குமிழிகளின் குத்துக்கு ஆளாக்குவது தகாது. மன்னார் வளைகுடாக் கரையில் விற்கிற சாதனத்தில் இதைச் சொல்லாமல் விட்டது எத்தகைய அசிரத்தை! தோட்டை ஈரத்துணியால் துடைத்து வைத்துக்கொண்டாள்.

கோயிலுக்கு வரும் யாத்திரிகர்களை இந்த மூன்று மாதமும் வேறொரு கண்ணோடு கவனித்து வந்தேன். அக்னி தீர்த்தத்தில் முழுகியெழுந்து, பிறகு உள்ளே 22 தீர்த்தங்களிலும் வாளி வாளியாக நீர் தலையில் விழ நடக்கிறார்கள். கண்ணாடியைக் கழற்றாத முதியவர் ஒருவருக்கு, கடல் உப்பும் மணலும் போகும்படியாக 22 தடவை கிணற்று நீர் வார்த்தாகிவிடுகிறது. இதனினும் சிறந்த கழுவுமுறையை எந்தச் சாஸ்திரியும் விதிக்க முடியாது. அத்தனையும் முடித்து வெளியே வந்தவர், கடற்கரை மணலில் விரித்து வைத்திருந்த ஈரத்துண்டை உதறாமல் எடுத்து, கண்ணாடியை அழுந்தத் துடைத்து மாட்டிக்கொண்டார். நான் வாய் திறக்குமுன் கூட்டத்தில் மறைந்துவிட்டார்.

யந்திரத்தால் எனக்கு நேர்ந்த நஷ்டம் ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஐந்தாந் தடவை கழுவி எடுக்கையில் வலது காதுக் கம்பி கையோடு வந்துவிட்டது. அதிர்வில் கீலின் திருகாணி கழன்று தொட்டிக்கடியில் கடுகுபோல் கிடந்தது. அதை ஒரு காகிதத்தில் மடித்துக்கொண்டு இராமநாதபுரத்தில் நான் வழக்கமாகப் போகிற கண்ணாடிக் கடைக்குப் போனேன்.

"மெஷின்ல போட்டீங்களா ஐயா?" என்று பார்த்தவுடனே கேட்டார் கடைக்கார பாய்.

"ஆமாம் பாய். எப்படித் தெரிந்தது?"

"கீல்ல அழுக்கே இல்லையே. அந்த அழுக்குதான் இத்தனை நாளா திருகாணியப் பிடிச்சு வச்சிருந்துச்சு."

திருகாணியை முடுக்கி, மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சிறு புட்டியை எடுத்து, அதன் தலைமேல் சிவப்பு நகப்பூச்சில் ஒரு பொட்டு வைத்தார். இனி எவ்வளவு அதிர்ந்தாலும் அசையாது என்றார். கூலி வாங்க மறுத்துவிட்டார். அதற்குப் பின்பு, வாரம் ஒருமுறை என்றிருந்ததை மாதம் ஒருமுறை என்று குறைத்துக்கொண்டு, நாள்தோறும் குழாயடியிலேயே கண்ணாடியைக் கழுவி வருகிறேன். யந்திரத்தில் இதுவரை இரண்டு தடவை போட்டாகிவிட்டது. திருகாணி அசையவில்லை, சிவப்புப் பொட்டும் போகவில்லை.