சமவாய்ப்புச் சொற்கருவியும் வினைச்சொல்லின் அமைப்பும்: ஆங்கிலம் கற்கும் தமிழ் மாணவரை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கில வினைச்சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டும் சமவாய்ப்புச் சொற்கருவிகள் சொல்வளம் பெருக்கும் வழியாக இன்று பரிந்துரைக்கப்படுகின்றன. வினையை அது வேண்டும் பொருளுறவுகளிலிருந்து பிரித்துத் தனிச்சொல்லாக வழங்குவதே இக்கருவிகளின் அடிப்படைக் குறை என்பதையும், தமிழ் மாணவரிடம் அக்குறை வெளிப்படாமல் நீடிப்பதற்குத் தமிழ்ப் பேச்சிலுள்ள கலப்புவினை அமைப்பு இடந்தருகிறது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சமவாய்ப்பு, வினை, வேற்றுமை, செயப்படுபொருள், கலப்புவினை.

கருவியின் இயல்பு

'ரேண்டம் வேர்ட் ஜெனரேட்டர்' என வழங்கும் இக்கருவியின் செயல்பாடு எளிது. முன்னரே தொகுத்த ஒரு பட்டியல் உள்ளே இருக்கிறது. கணினி ஓர் எண்ணைத் தோற்றுவித்து, அவ்வெண்ணுக்குரிய சொல்லைத் திரையில் காட்டுகிறது. பட்டியலை யார், எந்த அளவுகோலால் தொகுத்தனர் என்பது பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. எல்லாச் சொற்களுக்கும் ஒரே வாய்ப்பு என்பதே இதன் நடுநிலை. மொழியில் சொற்கள் அவ்வாறு வழங்குவதில்லை. மிகச் சில சொற்கள் மீண்டும் மீண்டும் வருகின்றன. மிகப் பல சொற்கள் அரிதாகவே வருகின்றன. ஜிப்ஃப் பெயரால் வழங்கும் விதி இதுவே. நாள்தோறும் வேண்டும் 'கிவ்' என்னும் வினைக்கும், ஆண்டுக்கொரு முறை கண்ணில் படக்கூடிய 'அப்ஜூர்' என்னும் வினைக்கும் கருவி ஒரே இடம் தருகிறது. டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட் 1953இல் வெளியிட்ட பொதுப்பயன் சொற்பட்டியல் ஏறத்தாழ 2000 தலைச்சொற்களைக் கொண்டது. ஒரு சொல்லின் பல பொருள்களுள் எது எத்தனை விழுக்காடு வழங்குகிறது என்பதையும் அது காட்டியது. அச்சு நூல் அன்று செய்த இப்பணியைப் பெரும்பாலான கருவிகள் இன்று செய்வதில்லை.

நினைவுக்குத் துணைசெய்யும் என்ற கூற்றையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். 1000 வினைகள் உள்ள பட்டியலிலிருந்து, வந்த சொல்லை நீக்காமல் 1000 முறை எடுத்தால், சராசரியாக 368 சொற்கள் ஒருமுறைகூட வாரா; மேலும் 368 சொற்கள் ஒரே ஒருமுறை வரும்; எஞ்சிய 264 சொற்களே மீண்டும் வரும். அனைத்துச் சொற்களும் ஒருமுறையேனும் தோன்றச் சராசரியாக 7,485 முறை எடுக்க வேண்டும். கற்றது எவ்வளவு விரைவில் மறக்கிறது என்பதை எபிங்காஸ் 1885இலேயே அளந்து காட்டினார். தவறிய அட்டை விரைவில் திரும்பிவரும் வகையில் லைட்னர் 1972இல் விளக்கிய பெட்டிமுறை அம்மறதியைக் கணக்கில் கொள்வது. மாணவர் எதை மறந்தார் என்பதைச் சமவாய்ப்புக் கருவி அறியாது.

கருவிக்கு ஆதரவான சான்று

எனினும் இக்கருவிகளை முற்றிலும் தள்ளிவிட இயலாது. நெருங்கிய பொருளுடைய புதுச்சொற்களை ஒரே வேளையில் கற்பிப்பது கற்றலைத் தாமதப்படுத்துகிறது என டிங்கம் (1993), வேரிங் (1997) ஆகியோரின் சோதனைகள் காட்டின. ஒத்த சொற்கள் ஒன்றோடொன்று குழம்புகின்றன. இந்நிலையில், தொடர்பற்ற சொற்களைக் கலந்து தருவதில் ஒரு நன்மை உண்டு. திவாகரமும் சூடாமணி நிகண்டும் செயல் பற்றிய பெயர்களைத் தனித்தொகுதியாக வகுத்த மரபைக் காட்டி இதனை மறுப்பது பொருந்தாது. நிகண்டு தாய்மொழியினர் மனனம் செய்தற்கு எழுந்தது. அதனைக் கற்பவர்க்கு அச்சொற்களின் தொடரமைப்பு முன்பே கைவந்திருக்கும். அயல்மொழி கற்பவர்க்கு அந்த வாய்ப்பு இல்லை.

வினையும் அது வேண்டும் பொருளும்

சிக்கலின் வேர் இங்கேதான் உள்ளது. பெயர்ச்சொல்லைத் தனியே கற்றாலும் ஓரளவு பயன் உண்டு, வினை அத்தகையதன்று. தொல்காப்பியர் வேற்றுமையியலில் இரண்டாம் வேற்றுமையை விளக்குமிடத்தில் காத்தல், ஒத்தல், ஊர்தல் தொடங்கிச் சிதைத்தல் ஈறாக 28 செயல்களை அடுக்குகிறார். அவை அகரவரிசையில் அமைந்தனவல்ல. 'ஐ' உருபை ஏற்ற பொருளை வேண்டி நிற்றல் என்னும் இயல்பால் ஒருங்கு நிற்பவை. செயப்படுபொருளை இயற்றப்படுவது, வேறுபடுக்கப்படுவது, எய்தப்படுவது என உரையாளர்கள் மூன்றாக்கினர். 1993இல் பெத் லெவின் 3000க்கும் மேற்பட்ட ஆங்கில வினைகளை, அவை தம் பொருள்களோடு எவ்வாறு தொடராகின்றன என்பதைக் கொண்டு வகுத்தார். 1942இல் டோக்கியோவில் வெளிவந்த ஹார்ன்பியின் அகராதி 25 வினை அமைப்புகளை வகுத்து, வினைகளுக்கு அவ்வமைப்பெண்களை இட்டது. காலத்தாலும் நோக்கத்தாலும் வேறுபட்ட இம்முயற்சிகள் அனைத்தும் வினையை அதன் சுற்றத்தோடு சேர்த்தே காண்கின்றன. கருவியோ அச்சுற்றத்தை அகற்றிவிட்டு எஞ்சிய சொல்லைக் காட்டுகிறது.

இதன் விளைவைச் சில சான்றுகளால் அறியலாம். திரையில் 'பிரேக்' வருகிறது. மாணவர் 'உடை' எனப் பொருள் கொள்கிறார். கண்ணாடி உடைந்தது, கண்ணாடியை உடைத்தான் எனத் தமிழ் தன்வினையையும் பிறவினையையும் வினைவடிவிலேயே வேறுபடுத்தும். ஆங்கிலத்தில் இரண்டிற்கும் 'பிரோக்' ஒன்றே. அடுத்து வரும் 'கட்' என்னும் வினை இவ்வாறு தன்வினையாக நின்று 'அறுபட்டது' எனப் பொருள் தருவதில்லை. இவ்வேறுபாடு இரு சொற்களின் அகராதிப் பொருளில் இல்லை. அவை நிற்கும் தொடரில் உள்ளது. 'ரீச்' என்னும் வினை நேரடிச் செயப்படுபொருளை ஏற்பது. சென்னையை அடைந்தான் என்னும் தொடரோடு அது ஒத்துப்போகிறது. மாணவர் நாவில் இயல்பாக இருப்பதோ 'சென்னைக்கு வந்து சேர்ந்தான்' என்பது. அந்த நான்காம் வேற்றுமை 'டு' என்னும் முன்னிடைச்சொல்லாகி 'ரீச்'சுக்குப் பின் நுழைகிறது. பொருள் தெரிந்த வினையிலேயே இப்பிழை நேர்கிறது என்பது கருதத்தக்கது.

கலப்புவினை தரும் இடம்

இப்பிழைகள் நீடிப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. தமிழ்ப் பேச்சில் ஆங்கில வினைகள் 'பண்ணு' என்னும் துணையோடு தடையின்றி நுழைகின்றன: டிஸ்கஸ் பண்ணலாம், வெயிட் பண்ணு, எக்ஸ்பிளெயின் பண்ணுங்கள். இத்தொடர்களில் காலம், இடம், ஏவல் அனைத்தையும் காட்டுவது 'பண்ணு' என்பதே. வினை வேற்றுமை ஏலாது காலத்தோடு தோன்றும் என்பது தொல்காப்பியர் கருத்து. அவ்வளவையால் நோக்கின், காலம் காட்டாத 'டிஸ்கஸ்' இங்கு வினையன்று. 'பண்ணு' என்னும் வினையோடு ஒட்டிய பெயர்போல்வது. வேற்றுமையும் தமிழுக்குரியதே. 'அதைப் பற்றி டிஸ்கஸ் பண்ணலாம்' என்பதிலுள்ள 'பற்றி' ஆங்கிலத்திற்குள் 'அபௌட்' ஆகிறது. 'எனக்கு எக்ஸ்பிளெயின் பண்ணுங்கள்' என்பது 'டு' இழந்த 'எக்ஸ்பிளெயின் மீ' ஆகிறது.

கருவி வழங்கும் தனிவினை இந்த இடத்தில் மிக எளிதாகப் பொருந்திவிடுகிறது. நாளொன்றுக்குப் பத்து வினை பயிலும் மாணவர் பத்துப் புதிய 'பண்ணு'த் தொடர்களைப் பெறுகிறார். சொல் தெரியும் என்ற நிறைவு உண்டு. ஆங்கிலத் தொடர் எழுதும் திறன் வளர்வதில்லை. பள்ளிகளில் 'கோ, வென்ட், கான்' என மூவடிவங்களை ஒப்பிக்கும் பழைய பயிற்சிகூட, வினை காலம் காட்டும் என்பதையாவது நினைவூட்டியது.

கருவியைத் திருத்த இயலும். பட்டியலில் சொல்லுக்குப் பதிலாக அமைப்பைப் பதிவு செய்வது முதற்பணி: 'எக்ஸ்பிளெயின்' என்று மட்டும் காட்டாமல், பொருளும் அதனைத் தொடர்ந்து 'டு' ஏற்ற ஆளும் வரும் சட்டத்தோடு காட்டலாம். வகுப்பறையில் விரிவுரையாளர் இதனைக் கருவியின்றியும் செய்யலாம்: வந்த வினைக்கு யார், எதை, யாரிடம், எதற்கு என்ற வினாக்களை நிரப்பிய பின்னரே அடுத்த சொல்லுக்குச் செல்லுமாறு மாணவரைப் பணிக்கலாம்.

எனினும் எந்தச் சொல்லை எதன்பின் வைப்பது என்பதைச் சமவாய்ப்பிடம் விட்டுவிட முடியாத இடங்களும் உள்ளன. 'ஆஸ்க்', 'ஹியர்', 'லிசன்' மூன்றுக்கும் தமிழ் மாணவர் எழுதும் பொருள் 'கேள்' ஒன்றே. அவனிடம் கேட்டான் எனில் வினாவுதல் என உருபு உணர்த்திவிடும். பாட்டைக் கேட்டான் எனில் செவியில் விழுந்ததா, செவிகொடுத்ததா என்பதை உருபும் உணர்த்தாது. டிங்கத்தின் முடிவுப்படி இம்மூன்றையும் ஒரே நாளில் புதிதாகக் கற்பித்தல் கூடாது; ஆயினும் ஒருநாள் மூன்றையும் அருகருகே வைத்து வேறுபடுத்தியே ஆகவேண்டும். அந்நாள் எது என்பது கற்பிப்பவர் மாணவரின் எழுத்தைப் படித்து அறிய வேண்டியது.