கை மெச்சும் கைபிடி

மாடிப்படியின் கைபிடியை மதிப்பிடக் கண் போதாது, உள்ளங்கை வேண்டும். கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதி, பொன்ஜீன் வீதிப் பக்கம் இன்னும் இடிபடாமல் நிற்கும் பழைய மாடிவீடு ஒன்றுக்குள் போக வாய்த்தால், மேலே போய்ச் சேரும்வரை கையைக் கைபிடியிலிருந்து எடுக்காதீர்கள். நல்ல ஓடாவி செய்த மரமென்றால் அடித்தூணிலிருந்து மேல்மாடிவரை விரல் எங்கும் தட்டாது. இரண்டு துண்டு கூடிய இடம் பெருவிரலுக்குத் தெரியாது. மேற்புறம் சற்றே உருண்டிருக்கும். இரு பக்கமும் விரல் நுனி நுழைய ஒரு பள்ளம் ஓடும். அந்தப் பள்ளம் வெறும் அலங்காரம் என்று நினைப்பவர்கள் உண்டு. கால் சறுக்கும் கணத்தில் விரல்கள் மடிந்து பற்றுவது அதைத்தான். அந்தப் பள்ளமில்லாத அகலப் பலகை பார்வைக்கு எவ்வளவு கம்பீரமாக இருந்தாலும் விழுகிறவருக்கு உதவாது.

படி திரும்பும் இடத்தில்தான் ஓடாவியின் கெட்டித்தனம் தெரியும். அங்கே கைபிடி வளையவும் வேண்டும், வளைந்தபடியே ஏறவும் வேண்டும். பழைய வேலையில் தடித்த கட்டை ஒன்றிலிருந்து அந்த உருவைச் செதுக்கியெடுப்பார்கள். ஸ்கொத்லாந்துக்காரரான பீற்றர் நிக்கல்சன் 1820 இல் மாடிப்படிக்கும் கைபிடிக்குமென்றே கணக்கும் படமுமாக ஒரு நூல் எழுதினார்; அவ்வளவு சிக்கலான வடிவம் அது. மர இழை குறுக்கே வெட்டுப்படும் இடம் பலவீனம். பொருத்தை அங்கே வைத்தால் கைபிடி என்றோ ஒருநாள் பிளக்கும். ஆகவே கைக்கு வழவழப்பாகப் போகிற வளைவும் உடம்பைத் தாங்குகிற வளைவும் அநேகமாக ஒன்றாகவே இருக்கின்றன.

மரத்தில் எனக்கு முதிரைதான் முதல். வறண்ட காட்டில் மெதுவாக வளர்ந்த கனத்த மரம். மெருகேறினால் உள்ளிருந்து ஒரு மினுக்கம் வரும். தேக்கு அடக்கமானது. பலா புதிதில் மஞ்சளாய்ப் பல்லிளிக்கும், வருடம் போகப்போகச் செம்பழுப்பாகப் பழுத்துவிடும்.

வெள்ளவத்தையில் கதை வேறு. காலி வீதிக்கும் ரயில் பாதைக்கும் நடுவிலுள்ள ஒழுங்கைகளில் உப்புக் காற்றுத்தான் வீட்டுக்காரன். 1930கள், 40களில் கொழும்பில் பரவிய வளைந்த மூலைச் சுவர் வீடுகளில் மாடிப்படிக்கு இரும்புக் குழாயைக் கிடையாக ஓடவிட்டிருப்பார்கள். அந்த வீடுகள்மேல் எனக்குத் தனிப் பிரியம். ஆனாலும் மூன்று குழாய் கிடையாகப் போனால் நாலு வயதுப் பிள்ளைக்கு அது ஏணி. உட்பக்கமாக மெல்லிய நெடுக்குக் கம்பிகள் சேர்த்தால் அழகும் கெடாது, பிள்ளையும் ஏறாது.

இரும்பு முதலில் சாவது அது சீமெந்துக்குள் இறங்கும் கழுத்தில். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். வீங்கிப் படியின் விளிம்பையே வெடிக்க வைக்கும். மேலே பெயின்ற் பளபளவென்றிருக்கும். ஆகவே வெள்ளவத்தைக் கைபிடியைப் பார்க்கப் போகிறவர் முதலில் குனிய வேண்டும். மாற்றும்போது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள். 304 என்ற ரகம் கடற்காற்றில் பழுப்புப் புள்ளி போடும். 316 இல் இரண்டு மூன்று வீதம் மொலிப்டினம் இருக்கிறது. உப்பை அது நன்றாகவே தாங்கும், விலைதான் கூட. கண்ணாடித் தகடு பொருத்திய ஸ்டீல் கைபிடி இப்போது தொடர்மாடிகளில் பரவலாக இருக்கிறது. தொட்டால் ஈரமும் விரல் தடமும்தான் மிச்சம், எனக்குப் பிடிக்கவில்லை.

பழையதைக் கழற்றுகிற நாள்தான் ஆபத்தான நாள். வீட்டில் ஆட்கள் ஏறி இறங்கிக்கொண்டிருக்க, முழுப் படியையும் ஒரே மூச்சில் மொட்டையாக்கிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடுவார்கள். ஒவ்வொரு தட்டாகக் கழற்றச் சொல்லுங்கள். கழற்றும் முன்பே பலகையடித்துத் தற்காலிகக் கைபிடி நிற்கவேண்டும். கயிறு கட்டுவது கண்துடைப்பு. பழைய பெயின்றை உலர்வாகத் தேய்க்கவும் விடாதீர்கள். இலங்கையில் பெயின்றிலுள்ள ஈயத்துக்குக் கட்டுப்பாடு 2013 இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய பூச்சின் தூசு பிள்ளைகளுக்கு நஞ்சு. நனைத்துச் சுரண்ட வேண்டும்.

முழுவதையும் மாற்றத்தான் வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. கடைசல் கால்களில் நாலைந்து உளுத்திருந்தால், நல்லதொன்றைக் கழற்றி மாதிரிக்கு மொரட்டுவைக்குக் கொண்டுபோனால் அதேபோல் கடைந்து தருவார்கள். தூண்தான் முக்கியம். அது படிப்பலகையில் ஆணியடித்து நின்றால் அழகெல்லாம் வீண். கீழேயுள்ள உத்தரம்வரை இறங்கி, போல்ட் பூட்டி நிற்க வேண்டும். கொங்கிறீற் படியென்றால் விளிம்பை ஒட்டி விரியும் போல்ட்டுக்குத் துளை போட விடாதீர்கள். போல்ட் விரியும்போது விளிம்பு உதிர்ந்துவிடும். அந்த இடத்தில் பிசின் ஊற்றிப் பதிக்கும் போல்ட் பாதுகாப்பானது. இடைவெளிக்குப் பிரித்தானிய விதி எளிமையானது: 100 மில்லிமீற்றர் உருண்டை எந்தச் சந்திலும் நுழையக்கூடாது. கைபிடியின் உயரம் 900 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. பழைய வேலை பல இதைவிடத் தாழ்வாகவே இருக்கும். அதற்காகத் தூக்கியெறிய வேண்டாம். கால்களுக்குக் கீழே ஒத்த மரத்தில் சட்டம் வைத்து உயர்த்தலாம், தூணுக்கும் அடியில் அதே அளவு ஏற்றி. திறமையான கை செய்தால் அந்த ஒட்டு, முதலிலிருந்தே இருந்த அடிப்பட்டி போலத் தோன்றும்.

கடைசித் தவணையைக் கொடுக்கும் முன், கீழ்ப்படியில் நின்று அடித்தூணைத் தோளால் தள்ளிப் பாருங்கள். ஒரு முனகல் கேட்டாலும் காசைச் சட்டைப்பையிலேயே வைத்திருங்கள். வேலை தெரிந்த பாஸ் இதற்கெல்லாம் கோபிக்கமாட்டார். நீங்கள் கேட்கும் முன்பே தன் முழுப் பாரத்தையும் அதில் சாய்த்துக் காட்டியிருப்பார்.