பார்த்து நின்றவன்

வலிய மாணவன் எளியவனை வதைப்பது பள்ளிகளின் பழங்கதை. அக்கொடுமையின் வேர் எங்கே? ஒருவனுடைய தீக்குணத்திலா, அவனைச் சூழ்ந்து நிற்கும் கூட்டத்திலா? ஐரோப்பிய நாவல்கள் இரண்டு இவ்வினாவுக்கு வெவ்வேறு விடை பகர்கின்றன.

தாமஸ் ஹியூஸ் 1857இல் வெளியிட்ட ‘டாம் பிரௌனின் பள்ளி நாட்கள்’ இங்கிலாந்தின் ரக்பி பள்ளியைக் களமாகக் கொண்டது. அதில் ஃபிளாஷ்மன் என்னும் மூத்த மாணவன் சிறுவன் டாமைக் கணப்பு நெருப்பின்முன் பிடித்து வாட்டுகிறான். முரடன், உள்ளூரக் கோழை. வாசகர் வெறுப்பதற்கென்றே வார்க்கப்பட்ட பாத்திரம். அவன் பள்ளியினின்று விலக்கப்பட்டதும் தீமை தொலைந்ததென நாம் ஆறுதல் அடைகிறோம். ஆனால் அவன் விலக்கப்பட்டது குடிபோதைக்காகவே. டாமை வாட்டியதற்காக அன்று. அப்போது அவனுக்குத் துணைநின்றவர்களோ நம் நினைவிலேயே தங்குவதில்லை.

ஆஸ்திரிய எழுத்தாளர் ராபர்ட் மூசில் 1906இல் வெளியிட்ட ‘இளைஞன் டோர்லெஸின் குழப்பங்கள்’ இந்த ஆறுதலைத் தருவதில்லை. மூசில் தாமே இராணுவ உறைவிடப் பள்ளிகளில் பயின்றவர். கதையில் பஸினி என்னும் மாணவன் பணம் திருடிவிடுகிறான். அதை அறிந்த ரைட்டிங்கும் பெய்னெபெர்க்கும் ஆசிரியர்களிடம் சொல்லாது, அந்த இரகசியத்தையே கயிறாக்கி அவனைக் கட்டி, பரணறையில் வதைக்கின்றனர். ரைட்டிங்குக்கு அது அதிகாரப் பயிற்சி. பெய்னெபெர்க்குக்கு ஆன்ம சோதனை. மூன்றாமவனான டோர்லெஸோ நுண்ணுணர்வு மிக்கவன். தன் மனத்தை ஆராய்வதற்கு அடுத்தவன் துயரைக் கருவியாக்கிக் கொள்கிறான். இறுதியில் பஸினி வெளியேற்றப்படுகிறான். டோர்லெஸும் பள்ளியை விட்டு நீங்குகிறான். வதைத்த இருவரும் தப்பிவிடுகின்றனர்.

பிற்கால உளவியல் மூசிலின் பக்கமே சாய்கிறது. 1970களில் ஸ்காண்டிநேவியப் பள்ளிகளை ஆராய்ந்த டான் ஓல்வேயஸ், கொடுமை செய்வோர் உள்ளுக்குள் அஞ்சி நடுங்குபவர்கள் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் காணவில்லை. ஃபிளாஷ்மனின் கோழைத்தனம் நம் மன ஆறுதலுக்கான கற்பனையே போலும்! ஃபின்லாந்தில் கிறிஸ்டினா சால்மிவல்லியும் உடன் ஆய்வாளர்களும் 1996இல் வெளியிட்ட ஆய்வு, வதைப்பவனுக்குத் துணைபோவோர், சிரித்து ஊக்குவோர், ஒதுங்கி நிற்போர், காக்க முன்வருவோர் என வகுப்பு முழுவதையுமே அரங்கில் ஏற்றியது. குணம் காரணமன்று என்பதல்ல. ஒருவனது குணம் கொடுமையாக விளைவதற்குப் பலருடைய இசைவு தேவைப்படுகிறது என்பதே பொருள்.

எனினும் மூசிலிடமும் ஒரு குறை உண்டு. டோர்லெஸின் அகத்தை அத்தனை ஆழமாக அகழ்ந்தவர், பஸினியின் அகத்துக்குள் நம்மை ஏறக்குறைய நுழையவிடுவதே இல்லை. வதைக்கப்பட்டவன் கதைக்கும் ஒரு சோதனைப் பொருளாகவே நின்றுவிடுகிறான். டோர்லெஸ் செய்ததை நாவலும் செய்கிறது. அதில் மனம் தோய்ந்து படிக்கும் நாமும் செய்கிறோம்.

இலக்கியம் நுண்ணுணர்வை வளர்க்கும் என்று பெருமை கொள்கிறோம். டோர்லெஸுக்கு அது நிறையவே இருந்தது. பரணறையில் பஸினிக்கு வேண்டியிருந்ததோ, “நிறுத்துங்கள்” என்று சொல்ல ஒரு குரல்.