மூன்று கார்டுகளும் ஒரு மோகனமும்

கோரிப்பாளையத்தில் கிதார் பழகும் நம் இளைஞர், ஜி, சி, டி என்னும் மூன்று கார்டுகள் கைவந்ததும் பாடகர் குழுவில் அமர்ந்துவிடுகின்றனர். ஆர்வம் போற்றத்தக்கதே. ஆயினும் மோகன இராகப் பாடலுக்கு அம்மூன்றும் பொருந்துமா?

மோகனத்தில் மத்திமமும் நிஷாதமும் இல்லை. 'ஜி'யைச் சட்சமாகக் கொண்டால், சி கார்டு மத்திமத்தையும், டி கார்டு நிஷாதத்தையும் நுழைத்துவிடும். பாடும் மக்கள் தடுமாறுவர். ஜி கார்டும், இருவிரலில் அடங்கும் ஈ மைனருமே இராகத்தின் வரம்புக்குள் நிற்பன.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டுக் கொள்கைத்திரட்டு (1963), வழிபாட்டுக்கு ஏற்ற பிற இசைக்கருவிகளுக்கும் இடமளித்தது. அந்தந்த மக்களின் இசை மரபையும் மதிக்கப் பணித்தது. முன்னதை ஏற்ற நாம் பின்னதை மறந்தோம்.

பாடுவோரின் சுருதிக்குக் கேப்போவைப் பூட்டுங்கள். ஒரு கட்டம் தள்ளினால் அரைச்சுரம் உயரும். கார்டை மாற்றுமுன் பாடலைக் கேளுங்கள். இரண்டே கார்டுகள் அறிந்திருப்பது குறையன்று.