டார்வின் நூலில் மறைந்த கணக்கு

சார்லஸ் டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' 1859இல் வெளிவந்தது. அதன் முதற் பதிப்பையும் 1872இல் வந்த ஆறாம் பதிப்பையும் ஒப்பிட்டுப் படிப்போர், ஒரு கணக்கு மறைந்திருப்பதைக் காண்பர்.

தென்கிழக்கு இங்கிலாந்திலுள்ள வீல்டு நிலப்பகுதி கடலரிப்பால் தேய 30 கோடி ஆண்டுகள் ஆகியிருக்கும் என்று டார்வின் முதலில் எழுதினார். அரிப்பின் வேகமாக அவர் கொண்ட எண் வெறும் ஊகமே. கண்டனம் எழவே, 1861இன் மூன்றாம் பதிப்பில் அதை நீக்கிவிட்டார்.

பூமி குளிரும் வேகத்தைக் கணித்த இயற்பியலறிஞர் கெல்வின், 1862இல் அதன் வயது 2 கோடி முதல் 40 கோடி ஆண்டுகள், பெரும்பாலும் 10 கோடியை ஒட்டியது என்றார். மெல்ல நிகழும் பரிணாமத்துக்கு அது போதுமா? இத்தடை மிகக் கடுமையானவற்றுள் ஒன்று என ஆறாம் பதிப்பில் டார்வின் ஒளிக்காமல் எழுதினார், கொள்கையைக் கைவிடவில்லை.

கெல்வினின் கணிதம் சரியே. பூமியின் உட்பகுதி முழுதும் இறுகிய திடப்பொருள், அங்கு வெப்பம் கடத்தலால் மட்டுமே பரவும் என்ற அனுமானமே தவறு. ஜான் பெர்ரி 1895இலேயே இதைச் சுட்டினார். பிறகு கதிரியக்கத்தால் பாறைகளின் வயதை அளக்க முடிந்தது. பூமியின் வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள்!

ஊகத்தைக் கணக்காகத் தந்தது டார்வின் நூலின் குறை. தடையை மறைக்காதது அதன் பெருமை. இயற்பியல் கற்பிக்கும் நாங்களும் விடையைத் திருத்துமுன் அனுமானத்தைச் சோதிக்க வேண்டும். மாணவர்கள் இரு பதிப்புகளையும் அவசியம் படிக்க வேண்டும்.