பன்னிரண்டு பேரில் ஒரு தோரு தத்

தமிழ்நாட்டின் பன்னிரண்டாம் வகுப்புக்கு 2019இல் வந்த ஆங்கிலப் பாடநூலில் உரைநடை ஆறு, கவிதை ஆறு. எழுதியவர்களில் பெண் ஒருவர்தான்: 1877இல் இருபத்தோரு வயதில் மறைந்த கவிஞர் தோரு தத். அவரைச் சுற்றி ஆர்வெல், ஹிலாரி, டென்னிசன், பிரௌனிங், நம் கி. ராஜநாராயணன் என ஆண்களே நிற்கிறார்கள். துணைப்பாடத்தில் ஒரு நாடகத்தை எழுதிய கார்டன் டேவியட் ஒரு பெண்தான்; எலிசபெத் மெக்கின்டாஷ் என்பது இயற்பெயர். பாடநூலுக்குள் அவர் வந்ததோ ஆண் பெயரில்.

பாடநூல்களில் பாலினம் பற்றிய ஆய்வு தொடங்கியதே இப்படி எண்ணிப் பார்ப்பதில்தான். 1972இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் பெண்கள் சிலர் 134 வாசிப்பு நூல்களிலிருந்து 2,760 கதைகளை எடுத்துப் படித்தார்கள். சிறுவர்களை மையமாகக் கொண்ட கதைகள் ஐந்து என்றால் சிறுமியருக்கு இரண்டுதான் இருந்தன. இந்தி, ஆங்கிலப் பாடநூல்களை ஆராய்ந்து நரேந்திரநாத் காலியா எழுதிய நூல் 1979இல் வந்தது. என்சிஇஆர்டியின் பாலினம் குறித்த குழு 2006இல் வெளியிட்ட அறிக்கை இன்னும் ஆழமாகப் போனது. பெண் பெயர்களைக் கூட்டினால் போதாது, எதை அறிவு என்று பாடத்தில் வைக்கிறோம் என்பதையே பார்க்க வேண்டும் என்றது.

அந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு நம் நூல்களைப் புரட்டினால் மகிழ்ச்சியும் வருத்தமும் சேர்ந்தே வருகின்றன. பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் 2017 செப்டம்பரில் கோவாவிலிருந்து புறப்பட்டு உலகைச் சுற்றிவந்த தாரிணி பாய்மரப் படகின் ஆறு கடற்படைப் பெண்கள் இருக்கிறார்கள், சீனக் கதையின் வீராங்கனை முலான் இருக்கிறாள். பதினொன்றில் மேரி கோம். தமிழ்ப் பாடநூல் ஒரு படி மேலே போனது. ஒன்பதாம் வகுப்பில் கல்வியில் சிறந்த பெண்களுக்கென்றே ஒரு பாடம் உண்டு. பதினொன்றில் திருநங்கைக் கலைஞர் நர்த்தகி நடராஜின் வாழ்க்கை இடம்பெற்றது. இவற்றைக் கொண்டுவந்தவர்களை மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் இவர்கள் எல்லாரும் சாதனையாளர்கள். தேனி மாவட்டம் தேவாரத்து அரசுப் பள்ளியில் இந்தப் பாடங்களைப் படிக்கும் பிள்ளைகளில் பலருடைய தாய்மார் விடிவதற்குள் சோற்றுத் தூக்குடன் ஜீப் ஏறி, மலைக்கு மேலே இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள். மற்றவர்கள் பன்னீர் திராட்சைத் தோட்டங்களில் வேலை பார்க்கிறார்கள். கம்பம் பள்ளத்தாக்கின் பொருளாதாரத்தைத் தோளில் சுமக்கும் இந்த உழைப்புக்கு ஆங்கிலப் பாடத்தில் ஒரு பத்திகூட இல்லை. சமச்சீர்க் கல்வி வந்தபிறகு சென்னை மெட்ரிக் பள்ளிக்கும் தேவாரத்துக்கும் நூல் ஒன்றே. அதனால் இந்த விடுபடல் சென்னைப் பிள்ளைக்கும் நட்டம்தான்.

மேல்வகுப்பில் இது இன்னும் கூர்மையாகிறது. டென்னிசனின் யுலிசிஸ் மீண்டும் கடலேறத் துடிக்கிறான். இருபது ஆண்டு காத்திருந்த பெனலோப்பிக்கு அந்தக் கவிதையில் பெயரே கிடையாது, வயதான மனைவி என்ற ஒரு குறிப்போடு சரி. சாண்ட்பர்க் கவிதையில் தகப்பன் மகனுக்குப் புத்தி சொல்கிறான். தாய் மகளுக்குச் சொல்லும் கவிதை ஒன்றைப் பக்கத்தில் வைத்திருக்கலாம். இக்கவிதைகளை நீக்கச் சொல்லவில்லை. பெனலோப்பி என்ன சொல்லியிருப்பாள் என்று எழுதச் சொல்லும் ஒரு பயிற்சி இருந்தாலே வகுப்பறை மாறிவிடும். கேரளத்தில் 2024இல் மூன்றாம் வகுப்பு நூலில் அப்பா தேங்காய் துருவும் படத்தைப் போட்டார்கள். ஒரு படம்தான், நாடே அதைப் பேசியது.

நல்ல படைப்புகள் ஆங்கிலத்தில் இல்லை என்ற சாக்கு இங்கே எடுபடாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் இதே கிழக்குச் சரிவில், விருதுநகர் மாவட்டத்தில் பிறந்தவர் பாமா. அவருடைய ‘சங்கதி’, கூலிவேலைக்குப் போகும் தலித் பெண்களின் பேச்சும் சிரிப்பும் கோபமும் நிறைந்த நூல். லட்சுமி ஹோம்ஸ்ட்ராம் அதை ஆங்கிலத்தில் தந்து ஆண்டுகள் பல ஆகின்றன. டெல்லிப் பல்கலைக்கழகம் ஆங்கில இளங்கலையில் அதைப் பாடமாக வைத்திருந்தது. 2021 ஆகஸ்டில் பாமாவையும், அரசுப் பள்ளியில் தமிழாசிரியராக இருக்கும் கவிஞர் சுகிர்தராணியையும், மகாசுவேதா தேவியின் ‘திரௌபதி’யையும் நீக்கியது. டெல்லி வேண்டாம் என்றதைத் தமிழ்நாடு தன் மேல்நிலை ஆங்கில நூலில் சேர்க்க எந்தத் தடையும் இல்லை. ஏலத்தோட்டத்துக்குப் போகும் தாயின் மகள், தன் வீட்டுப் பேச்சை ஆங்கிலத்தில் படித்துத் தேர்வும் எழுதலாம்.