பின்பாட்டின் வலிமை

பாட்டொன்று நெடுங்காலம் நின்று நிலவுதற்குச் சொல்லழகும் பண்ணழகுமே காரணம் என்பர். அவற்றினும் ஆழ்ந்த காரணம் ஒன்றுண்டு. கேட்பவனையும் பாடுபவனாக்கும் ஆற்றலே அது. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, ஏனையோர் அதனை வாங்கிப் பாடும் முறையைத் தமிழர் பின்பாட்டு என வழங்குவர். இவ்வலிமை உழைக்கும் மக்களின் பாடல்களில் விளங்குமாறு வேறெங்கும் விளங்குவதில்லை.

கண்டி மாநகரின் தென்கிழக்கே அமைந்த தெல்தோட்டை மலைப்பகுதி இதற்குத் தக்க சான்றாகும். அதனை அடுத்த லூல்கந்துரைத் தோட்டத்திலேதான் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கர் நிலத்தில் தேயிலை பயிரிட்டார். அதற்கு முன்னரே, கோப்பிப் பயிர்ச்செய்கையின் பொருட்டுத் திருச்சி, மதுரை, சேலம் முதலிய இடங்களிலிருந்து தமிழ்மக்கள் இம்மலைநாட்டை அடைந்தனர். அவர்கள் கொணர்ந்த செல்வம் தப்பும் பாட்டுமே. தப்பொலி விடியலிற் பிரட்டுக்களத்துக்கு அழைத்தது. அவ்வொலியே காமன்கூத்திற்கும் தாளமாயிற்று.

இத்தகைய நிலையிலே தோன்றிய பிறிதொரு மரபு அமெரிக்கக் கறுப்பின மக்களின் ‘சோல்’ இசையாகும். பருத்திக் காட்டிலும் தேவாலயத்திலும் வளர்ந்த வினா விடை போன்ற பாடல்முறை, 1950களிலும் 1960களிலும் ரே சார்ல்ஸ், சாம் குக், அரீதா பிராங்கிளின் ஆகியோரால் உலகியற் பாடலாக உருமாறியது. இறைவனை விளித்த பண் காதலியை விளிக்கலாயிற்று. தமிழ் மரபிலோ இதற்கு மறுதலையான போக்கையே காண்கிறோம். மகளிர் ஆடியும் உழைத்தும் பாடிய அம்மானை, ஊசல், சுண்ணம் இடித்தல் முதலியவற்றை மணிவாசகர் திருவாசகத்தில் இறைவன்பால் ஆற்றுப்படுத்தினார். ஒன்று கோயிலினின்று வீதிக்கு இறங்கிற்று. மற்றொன்று முற்றத்தினின்று கோயிலுக்கு ஏறிற்று. திசை வேறாயினும் இரண்டற்கும் ஊர்தி ஒன்றே. அது மக்கள் முன்னரே அறிந்த பின்பாட்டாகும்.

திரும்பத் திரும்ப வரும் சொல் கற்பனை வறுமையின் அடையாளம் எனச் சிலர் கருதுவர். அது பொருந்தாது. கோப்பிக் கன்று நட்ட மலையையும், உடன்பிறந்தானை இழந்த மலையையும் ஒன்றாகவே சுட்டிக் காட்டும் பெண்ணொருத்தியின் பாடல் மலைநாட்டிற் புகழ்பெற்றது. அதன்கண் ‘மலை’ என்னும் சொல் மீண்டும் மீண்டும் வருகின்றது. முதலில் அஃது இடப்பெயர். பின்னர் உழைப்பின் களம். இறுதியில் இழப்பின் சின்னம். சொல் மாறவில்லை, பொருளே கனத்துச் செல்கின்றது. அச்சொல்லைப் பலர் சேர்ந்து இசைக்குங்கால், ஒருத்தியின் துயர் ஒரு கூட்டத்தின் வரலாறாகி விடுகின்றது.

பின்பாட்டு துயரத்தைப் பகிர்வதோடு அமையாது, துணிவையும் அளிக்கும். ஓடிஸ் ரெடிங் 1965இல் ஆடவன் கூற்றாகப் பாடிய ‘ரெஸ்பெக்ட்’ என்னும் பாடலை, 1967இல் அரீதா பிராங்கிளின் பெண்ணின் உரிமைக் குரலாக்கினார். உடன்பாடிய மகளிர் குரல்கள் அவ்வுரிமைக்கு அரணாயின. தோட்டப் பாடல்களிலும் கங்காணியையும் துரையையும் எள்ளுவன உள. தனியொருவர் கூறின் தண்டனைக்குரிய சொல், பலர் பாடும்போது யார் சொல் என்று அறியவொண்ணாததாகின்றது.

இப்பாடல்களைத் தேடித் தொகுத்தோருள் சி. வி. வேலுப்பிள்ளை தலையாயவர். அவர்தம் தொண்டு பெரிது. எனினும் அச்சேடு அடியெடுப்பவர் சொல்லைக் காக்குமேயன்றி, வாங்கிப் பாடுவோர் குரலைக் காத்தல் அரிது. ஏட்டிற் படிப்பவர்க்கு இவை தனிமைப் புலம்பலாகத் தோன்றுவதும் இதனாலேயாம். கறுப்பின மக்களின் பாடல்கள் இசைத்தட்டிற் பதிவாகிப் பின்பாட்டோடு உலகைச் சுற்றின. அப்பேறு மலையகப் பாடல்களுக்கு அந்த அளவில் வாய்க்கவில்லை.

ஆதலின் இவற்றை ஆராய்வோர் சொல்லோடு குரலையும், குரலோடு தாளத்தையும் பதிந்து வைத்தல் கடன். மாசி, பங்குனித் திங்களிற் காமன்கூத்து நிகழும் தோட்டங்களில் இரதியின் புலம்பலுக்கு ஊரே குரல் கொடுக்கின்றது. ஏடு மறந்த பாதியை அங்கே கேட்கலாம். பின்பாட்டுப் பாடுவோர் உள்ளவரை பாட்டுக்கு முதுமை இல்லை.